இரும்பில் மிஞ்சாத காந்தம்

புயல் கடந்த மறுநாள் காலை, வலங்கைமானுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் ஒரு மின்கம்பம்கூட நிற்கவில்லை. என் கணவர் நுரையீரல் நோயாளி. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவியை நம்பித்தான் இரண்டு வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் போனதிலிருந்து சிலிண்டர்தான். அதன் முள் விடியும்போதே சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. தஞ்சாவூர் சாலை முழுக்க மரங்கள் விழுந்து கிடப்பதாகப் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வர வழியில்லை.

பக்கத்து வீட்டு விவசாயி, தன் கொட்டகையில் வெகுநாளாகச் சும்மா கிடந்த பழைய ஜெனரேட்டரை டிராக்டரில் இழுத்து வந்தார். டீசல் ஊற்றியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. மாட்டிய பல்ப்தான் எரியவில்லை.

"ஓடுது டீச்சர், கரண்ட்தான் வரல."

உள்ளே கணவர் இருமினார்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். காந்தத் தயக்கத்தை வருடாவருடம் கரும்பலகையில் வளைகோடாக வரைகிறேன். இரும்பைக் காந்தமாக்கிய மின்சாரத்தை நிறுத்தினாலும் அதில் கொஞ்சம் காந்தம் மிஞ்சும். அந்த மிச்சத்தை வைத்துத்தான் இந்த மாதிரி ஜெனரேட்டர் முதல் மின்சாரத்தை எழுப்பும். கிடந்து கிடந்து அது போய்விட்டிருக்க வேண்டும். பேட்டரியால் மறுபடி ஏற்றலாம். படித்திருக்கிறேன், செய்ததில்லை.

"அண்ணே, என்ஜினை நிறுத்திட்டு டிராக்டர் பேட்டரியக் கழட்டுங்க."

"தெரிஞ்சுதான் செய்றீங்களா டீச்சர்?"

"தெரியலண்ணே. வேற வழி இல்ல."

மூடியைத் திறந்து, காந்தச் சுருளுக்குப் போகும் இரண்டு ஒயர்களை உருவினேன். அவை மாட்டியிருந்த முனைகளின் பிளஸ், மைனஸ் குறிகளைத் துரு மூடியிருந்தது. சேலைத் தலைப்பால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். சுருள் கருகிவிட்டால் ஊரில் வேறு ஜெனரேட்டர் கிடையாது. ஒயர் இரண்டு முறை நழுவியது. பேட்டரியைத் தொடவைத்துப் பத்து எண்ணினேன். எடுக்கும்போது நீலப்பொறி பறந்தது. கத்திவிட்டேன்.

ஒயர்களைப் பழையபடி மாட்டினேன். அண்ணன் என்ஜினைக் கிளப்பினார். பல்பின் இழை சிவந்தது. பிறகு பளீரென்று எரிந்தது.

கருவி ஓடத் தொடங்கிக் கால்மணி நேரத்தில் கணவரின் உதட்டு நீலம் குறைந்தது. "ஏன் அழுவுற?" என்று கேட்டார். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மாலையில் அண்ணன் வந்தார். "டீசல் ஊத்தணும் டீச்சர், கொஞ்சம் நிறுத்தணும்."

"வேணாம்ணே, நிறுத்தாதீங்க!"

"நிறுத்தாம எப்படிங்க ஊத்துறது?"

ஏற்றிய காந்தம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறவள் நான். அன்று அதை என்னாலேயே நம்ப முடியவில்லை. சிலிண்டரில் மிச்சமிருந்ததை அவருக்குத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். என்ஜின் நின்றது. மறுபடி உறுமியது. விளக்கு வந்தது.

பன்னிரண்டு நாள், டீசல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். லைன் கரண்ட் வந்த அன்றுதான் உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு சாப்பிட்டேன்.