எட்டுப் புள்ளியில் வென்று தோற்ற தங்கராஜ்

தங்கராஜ் போய்விட்டார் என்பதை எனக்குச் சொன்னவர் ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர். ஆய்வுக்கூடத்துத் தொலைபேசியில், "உங்கள் நண்பர் இன்று காலை மாரடைப்பில் இறந்துவிட்டார்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரர் ஒருவர் இறந்ததைத் திருச்சிக்காரனுக்கு ஒரு ஜெர்மானியரா வந்து சொல்ல வேண்டும்? தங்கராஜின் மனைவி எஸ்தர் அழுதுகொண்டே முதலில் அழைத்தது தம் கணவரின் பழைய அணிக்காரர்களைத்தானாம். சாவிலும் அவர்களே முந்திக்கொண்டார்கள்.

தங்கராஜ் அவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்மேல் எனக்கிருந்த பொறாமையை விட்டுவிட்டு எழுதச் சொன்னால் என்னால் ஆகாது. அதை எடுத்துவிட்டால் எங்கள் நட்பில் பாதி இருக்காது.

அறுபதுகளின் நடுவில் ஜெர்மனியின் ரூர் பகுதி நகரம் ஒன்றில் நாங்கள் இருவரும் ஆராய்ச்சி மாணவர்கள். நான் உலோகவியல், அவர் தோல் பதனிடும் வேதியியல். விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே சமையலறை. அவர் வத்தக்குழம்பு வைத்தால் மாடி முழுக்கக் கதவுகள் திறக்கும், எல்லோரும் தட்டோடு வந்து நிற்பார்கள். அதே குழம்பை நான் வைத்தால் சன்னல்கள் திறக்கும். என்ன வரமோ, அந்த மனிதருக்கு எதிலும் அப்படித்தான்.

அவ்வாண்டு அந்த நகரத்துக் கழகம் கூடைப்பந்தில் ஜெர்மன் சாம்பியன். அடுத்த பருவம் ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன் கழகங்கள் மோதும் கோப்பைக்குப் போகவேண்டும். ஓர் ஆட்டக்காரர் முழங்காலில் அடிபட்டு விலகியதால் ஓர் இடம் காலியானது. இருவரும் தேர்வுக்குப் போனோம். நான் அவரைவிட ஒரு தலை உயரம், பல்கலைக்கழக அணிக்கே ஆடியவன். அவரோ கோயில் திருவிழாப் போட்டிகளில் ஆடி வளர்ந்தவர். எடுக்கப்பட்டவர் அவர்.

காரணம் கேட்டேன். பயிற்சியாளர், இன்று தொலைபேசியில் சாவு சொன்ன அதே மனிதர், கொஞ்சமும் தயங்கவில்லை. "உங்களிடம் பந்து வந்தால் உங்களிடமே இருந்துவிடுகிறது. அவரிடம் வந்தால் எல்லோருக்கும் போகிறது." அன்றைக்கு விடுதிக்குத் தனியாகத்தான் நடந்தேன்.

அந்தப் பருவம் முழுக்க எனக்கு வயிற்றெரிச்சல்தான். நீல நிறச் சீருடையோடு அவர் சமையலறைக்குள் வருவார். வெளிநாட்டு நகரங்களுக்குப் போய்வருவார். "ஏலே, நீயும் வந்திருக்கணும்லா, அந்த ஊர் மீனு நம்ம தூத்துக்குடி மீனு மாதிரியே இருக்கு" என்பார். அவர் மனதாரத்தான் சொல்வார். அதுதான் இன்னும் எரியும். "எனக்கு வேல இருக்கு, நீயே போய்ச் சாப்டு" என்பேன். ஆனால் உள்ளூர் ஆட்டம் ஒன்றையும் தவறவிட்டதில்லை. அவர் எப்போது சறுக்குவார் என்று பார்க்கத்தான் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

சறுக்கினார். அந்தக் கோப்பையில் ஓர் எதிரணியோடு இரண்டு ஆட்டம் உண்டு. ஒன்று அவர்கள் ஊரில், ஒன்று நம் ஊரில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி யார் அதிகமோ அவர்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். பெல்ஜியத்தில் தங்கராஜ் அணியினர் ஒன்பது புள்ளியில் தோற்றுவிட்டு வந்திருந்தார்கள். இங்கே பெல்ஜியக்காரர்களைப் பத்துப் புள்ளியில் வெல்ல வேண்டும். ஒன்பதில் வென்றால்கூடக் கூடுதல் நேரம் கிடைக்கும். கடைசி நொடிகளில் எட்டுப் புள்ளி முன்னிலை, பந்து தங்கராஜ் கையில்.

நம்மூர்ப் போட்டியில் ஒரே ஆட்டம்தான், ஒரு புள்ளி கூட இருந்தாலும் வெற்றி. முன்னிலையில் இருக்கும்போது பந்தை விடாமல் வைத்திருந்து நேரத்தைக் கடத்துவதுதான் புத்திசாலித்தனம். அவர் கைக்கு அந்தப் பழக்கம்தான் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் பந்து கொடுப்பவர் என்று பெயர் வாங்கிய மனிதர், சிரித்துக்கொண்டே பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார். அரங்கமே கத்தியது. அவர் அதை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டார்.

"டேய், ஷூட் பண்ணுடா! பத்தலடா!" என்று தொண்டை கிழியத் தமிழில் கத்தினேன். அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். ஊதல் ஒலித்தது. அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். எட்டில் வென்று, கோப்பையை விட்டு வெளியே வந்தாயிற்று.

இனி இவர் கதை முடிந்தது, அடுத்து நான்தான் என்று ஒரு கணம் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதற்குள் யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். தங்கராஜ் முகம் வெளிறி, மைதான நடுவுக்கு நடந்து போய், பார்வையாளர்களைப் பார்த்துக் கைகூப்பினார். தமக்குத் தெரிந்த ஜெர்மனில், "மன்னியுங்கள், கொஞ்சமாக ஜெயித்துவிட்டேன்" என்றார். பிறகு ஒரு கிழவர் சிரித்தார், அரங்கமே சிரித்தது, எழுந்து நின்று கைதட்டியது. கோப்பையைத் தொலைத்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நியாயமா இது? ஒரு தவறும் செய்யாத என்னை அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

படிப்பு முடிந்து இருவரும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டோம். எழுபதுகளில் தங்கராஜுக்கும் எஸ்தருக்கும் திருமணம் நடந்தபோதும் அந்த அணி முழுக்க வந்திருந்தது. பிறகு பிறந்த பிள்ளையின் ஞானஸ்நானத்தில் பயிற்சியாளர்தான் ஞானத்தந்தை. தங்கராஜ் வராத இடத்தில் நான் பேச்சைத் தொடங்கினால், "தங்கராஜ் எங்கே?" என்பார்கள்.

சென்ற வாரம் அடக்கம். பெட்டியைச் சுமக்க அணியில் ஆறு பேர் முன்வந்தார்கள். அதில் ஒருவருக்கு முதுகு வலி, குனிய முடியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பயிற்சியாளர் சுற்றிலும் பார்த்தார். நேராக என்னிடம் வந்து, ஆட்டத்துக்கு ஆள் மாற்றும்போது செய்வதைப் போல என் முதுகில் தட்டி, "உள்ளே போங்கள்" என்றார்.

போனேன். அந்த அணியில் ஒருவனாக, நால்வருக்குப் பின்னால், என் தோளில் பாரத்தை வாங்கிக்கொண்டேன். எத்தனை ஆண்டுகள் ஏங்கிய இடம்.

டேய் தங்கராஜ், உன் இடம் எனக்குக் கிடைத்துவிட்டதுடா. எனக்கு வேண்டாம். எழுந்து வந்து நீயே ஆடு.