கம்பு பிஸ்கட் உடையாத நாள்

என் ஓரகத்திக்கு நான் வைத்த பெயர் சல்லடை. எப்போது பார்த்தாலும் கையில் ஒன்று இருக்கும். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இருமல்தான் வரும். ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தோதான ஆள் கிடையாது. பதினொரு வருஷமாக ஒரே அடுப்படியில் அவள் முழங்கையும் என் முழங்கையும் இடித்துக்கொண்டிருக்கின்றன.

முன்பெல்லாம் எங்கள் சண்டைக்கு ஓர் அளவு இருந்தது. குழாயை யார் சரியாக மூடவில்லை, பாலை யார் பொங்கவிட்டது, அவ்வளவுதான். அவள் மகளுக்கு நாலு வயது நடக்கும்போது வயிறு உப்பத் தொடங்கியது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. ஆறு மாதம் அலைந்த பிறகு ஒரு டாக்டர், பிள்ளைக்குக் கோதுமை ஆகாது, துளி கூட உள்ளே போகக் கூடாது, ஆயுசு முழுக்க இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பிள்ளையை ஊட்டி வளர்த்தவள் நான். எனக்குப் பிள்ளை இல்லை, அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சல்லடை வேலைக்குப் போன நாட்களில் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்தது எல்லாம் நான்தான். டாக்டர் சொன்ன மறு வாரம் அவள் வேலையை விட்டாள். அடுப்படியை இரண்டாகப் பிரித்தாள். ஜன்னல் பக்கம் அவளுக்கு, கதவுப் பக்கம் எனக்கு. நான் ரொட்டிக்கு மாவு பிசைகிறவள் என்பதால் இனி என் கையால் பிள்ளைக்கு ஒரு வாய் கூடக் கொடுக்கக் கூடாதாம். நகக்கண்ணில் கோதுமை ஒட்டியிருக்குமாம்.

பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் பிஸ்கட் தின்பதைப் பார்த்து இது ஏங்கியது. உடனே சல்லடை ஒரு ஓவன் வாங்கி ஜன்னலோரம் வைத்தாள். ஆதி மனுஷன் விதைத்த தானியம் என்று எங்கோ படித்துவிட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். வெளியில் அரைத்தால் அந்த மெஷினில் கோதுமை ஒட்டியிருக்கும் என்று வீட்டு மிக்ஸியிலேயே அரைத்தாள். கம்பு மாவு நாலைந்து நாளில் கசந்துபோகும். அதனால் வாராவாரம் கழுவி, காயவைத்து, அரைத்து, மூன்று தடவை சலிப்பாள். சனிக்கிழமை காலை என்றாலே எனக்கு மண்டையிடிதான்.

இத்தனைக்கும் பிஸ்கட் உருப்படியாக வந்ததா என்றால் இல்லை. கோதுமையில் இருக்கிற இழுவை கம்பில் கிடையாது. தட்டிலிருந்து எடுக்கும்போதே ஓரம் உதிரும். டப்பாவுக்குள் பிஸ்கட்டாகப் போனது பள்ளிக்கூடத்தில் திறந்தால் தூளாக இருக்கும். பிள்ளை ஸ்பூனால் அள்ளித் தின்றது. சல்லடை வெண்ணெயைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், வெந்நீரில் பிசைந்தாள், பிசைந்ததை ஃபிரிட்ஜில் வைத்துத் தட்டினாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். ஒரு கை கோதுமை போட்டால் தீர்கிற விஷயத்துக்கு இவ்வளவு படிப்பா என்று நான் என் பக்கத்திலிருந்து கேட்பேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். எனக்கு அதில் ஒரு திருப்தி.

பிள்ளைக்கு ஏழு வயதானபோது ஒரு நாள் நான் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அது ஓடிவந்து என் மடியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தது. சல்லடை பாய்ந்து வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். குழாயடியில் நிறுத்தி இரண்டு தடவை சோப்புப் போட்டாள், சாக்கடையில் விழுந்த பிள்ளையைக் கழுவுவதுபோல, அதுவும் என் கண்ணெதிரே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை மூன்று வருஷமாகக் கொழுகொழுவென்றுதான் இருக்கிறது, நோய் எப்போதோ போயிருக்கும், என்னிடமிருந்து பிரிப்பதற்காகவே இவள் அதைப் பிடித்துத் தொங்குகிறாள் என்று எனக்குள் முடிவே செய்துவிட்டேன். அதை நிரூபித்துவிட்டால் பிள்ளை மறுபடி என் கையால் சாப்பிடும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அடுத்த சனிக்கிழமை அவள் மாவைச் சலித்து டப்பாவில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நான் இரண்டு கை கோதுமை மாவை அள்ளி அதில் கொட்டிக் கலக்கினேன். நிறம் கொஞ்சம் வெளுத்தது. திரும்பி வந்தவள் அதைக் கவனித்தாள். கடையில் இந்த முறை புதுக் கம்பு போட்டிருக்கிறார்கள் என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிஸ்கட் உடையவில்லை. வட்டம் வட்டமாக, ஓரம் வெடிக்காமல், தட்டைச் சாய்த்ததும் முழுசாக வழுக்கி வந்தது. சல்லடை சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. என் கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினாள். என் வீட்டுக்காரர் இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினார். கடைசியில் என் பக்கம் வந்து எனக்கே ஒன்றை நீட்டினாள்.

"பாருங்கக்கா, ஒருவழியா கை பழகிடுச்சு" என்றாள்.

நான் வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை ஐந்து தின்றது.

சாயங்காலம் வரை ஒன்றும் ஆகவில்லை. அவளிடம் என்ன சொல்லி எப்படி மூக்கை உடைப்பது என்று நான் வார்த்தைகூடத் தயார் செய்துவிட்டேன். இருட்டுகிற நேரத்தில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. வாந்தியும் பேதியும் நிற்கவே இல்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். நான் பார்க்கப் போனபோது கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது, என்னைக் கண்டதும் சிரித்தது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் வாய் வரவில்லை.

சல்லடை சும்மா இருக்கவில்லை. தானியக்கடைக்காரர்தான் கலப்படம் செய்தார் என்று கடை வாசலில் நின்று அவரைக் கிழி கிழி என்று கிழித்தாள். அந்த மனுஷன் தராசைத் தொட்டுச் சத்தியம் செய்தார். துணைக்கு அவள் என்னைத்தான் கூட்டிப்போயிருந்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்து மிக்ஸி ஜாரைத் தூக்கிப்போட்டாள், மிச்ச மாவைக் கொட்டினாள், பழைய சல்லடையை மிதித்து வளைத்தாள். தன் கையாலேயே பிள்ளைக்கு விஷம் கொடுத்துவிட்டதாகக் கொழுந்தனிடம் அவள் அழுதது என் அறைக்குக் கேட்டது. அவளைப் பிடிக்காத எனக்கே அது சகிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புது ஜார், புதுச் சல்லடையோடு மறுபடி ஆரம்பித்தாள். அதே அளவு, அதே வெண்ணெய். பிஸ்கட் பழையபடி உதிர்ந்தது. அவளுக்குப் புரியவில்லை. ஃப்ரீசரைக் குடைந்தபோது அன்றைக்குப் பிசைந்ததில் ஓர் உருண்டை பையில் கட்டிக் கிடந்தது அகப்பட்டது. அதை இளகவிட்டு இரண்டு கையிலும் இரண்டு மாவை எடுத்துக்கொண்டாள். புது மாவை இழுத்தாள், ஈர மணலாக உடைந்தது. பழையதை இழுத்தாள், நீண்டு வந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

நான் என் பக்கத்தில் ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் வந்து என் மாவில் ஒரு சிட்டிகை கிள்ளி இழுத்தாள். அதுவும் நீண்டு வந்தது.

"எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு கை" என்றேன். பிள்ளைக்கு மறுபடி ஊட்டலாமே என்கிற ஆசையில் செய்தது என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

வீடு இரண்டுபடப் போகிறது என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. "கடைக்காரர அந்தப் பேச்சுப் பேசினப்போ எம்பக்கத்துலதானே நின்னீங்க" என்றாள். போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை, எதுவும் சொல்லியும் கூப்பிடுவதில்லை. கொழுந்தன் தனி வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நேற்றுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாசலில் நான் மட்டும் இருந்தேன். தோல் உரிக்காத முழு ஆரஞ்சு ஒன்றை நீட்டினேன். அது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"இதுல எதுவும் போடலல்ல பெரியம்மா?" என்று கேட்டது. கோபமெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

இல்லை கண்ணு என்றேன். பிள்ளை என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. பழத்தை வாங்காமல் உள்ளே போய்விட்டது.