கேம்ஷாஃப்ட் இல்லாத எஞ்சினுக்கு இரண்டு சுற்று

எங்கள் சோதனைக்கூடத்தில் அவருக்கு 'ரெண்டு சுத்து அக்கா' என்று பெயர். எந்த எஞ்சினானாலும், ஸ்டார்ட் செய்வதற்கு முன் முன்பக்கத்துப் பெரிய போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் விடமாட்டார். உள்ளே எதுவும் தட்டினால் கைக்குத் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக அந்த இரண்டு சுற்று பல எஞ்சின்களைக் காப்பாற்றியிருக்கிறது. நான் பக்கத்து மேசையில் கணினி எண்களைக் கட்டி மேய்ப்பவன். கையில் கிரீஸ் படாதவன் என்று என்னைக் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பொழுது விடியாது.

கடந்த நான்கு வருடமாக எங்களிடம் இருந்தது கேம்ஷாஃப்ட் இல்லாத எஞ்சின். சாதாரண எஞ்சினில் அந்தத் தண்டு சுழன்று வால்வுகளை அமுக்கித் திறக்கும். வண்டி ஊர்ந்தாலும் பறந்தாலும் அதற்குத் தெரிந்தது ஒரே கணக்குத்தான். இதில் பதினாறு வால்வுக்கும் தனித்தனியாக மின்காந்தம். எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் என்பதைக் கணினி நொடிக்கு நொடி முடிவு செய்யும். பெட்ரோல் நன்றாக மிச்சமாகும்.

ஒரே ஒரு வில்லங்கம். மின்சாரம் இல்லாதபோது வால்வுகள் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே பாதி திறந்தபடி நிற்கும். அப்போது எஞ்சினைச் சுற்றினால் மேலே வரும் பிஸ்டன் வால்வில் இடிக்கும். 'மின்சாரம் போட்ட பிறகே சுற்றவும்' என்று சிவப்பு எழுத்தில் அட்டை தொங்கியது. அதை மாட்டியதே அக்காதான்.

ஒரு வியாழக்கிழமை, வயரிங் மாற்றுவதற்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தோம். வேலை முடிந்ததும் அக்கா என்னிடம் பேசிக்கொண்டே ஸ்பேனரை மாட்டினார், சுற்றினார். பாதியில் கை கனத்தது. உள்ளே அடைபட்ட காற்று எதிர்த்துத் தள்ளும் வழக்கமான கம்ப்ரஷன்தான் என்று நினைத்து அழுத்திவிட்டார். மூன்று வால்வுகள் வளைந்துபோயின.

"வால்வெல்லாம் பாதி தொறந்து கெடக்கு, கம்ப்ரஷன் எங்கேருந்து வரும்? இதுகூடத் தெரியாம நான் என்னத்தக் கிழிச்சேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திட்டப் பொறியாளர் கெட்டவர் இல்லை. இந்த எஞ்சினை வரைந்தவரே அவர்தான். ஒரு படிவத்தை நீட்டினார்.

"அக்கா, 'பணியாளர் கவனக்குறைவு'ன்னு போட்டு ஒரு கையெழுத்து போட்டுடுங்க. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான். திங்கக்கிழமை கமிட்டி சரின்னுட்டா இந்த எஞ்சின மாட்டி அம்பது வண்டி சோதனைக்கு ரோட்டுல ஓடும். இப்ப தள்ளிப்போச்சுன்னா பேட்டரி வண்டி முந்திக்கும், நம்மள யாரும் சீந்த மாட்டாங்க."

அவர் சொன்னது உண்மைதான். அக்காவுக்கும் அந்த எஞ்சின் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. படிவத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் அது கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. ஏனென்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் பஸ் டிப்போ மெக்கானிக்தானே. புது எஞ்சின் ஒண்ண உங்க கையில குடுத்தா மொதல்ல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். சாப்பிட்ட கையோட, 'சுத்திப் பாப்பேன், வேறென்ன பண்ணுவாங்க?'ன்னாரு. எனக்குச் சோறு எறங்கல."

பொறியாளரிடமும் இதையே சொன்னார். "அதுக்குத்தான் அட்டை இருக்கே, அக்கா" என்றார் அவர்.

சனிக்கிழமை புது வால்வுகளைப் பொருத்தி முடித்தோம். மின்சாரம் இன்னும் போடவில்லை. பொறியாளர் எஞ்சினை ஒரு சுற்று வந்தார். கமிட்டியிடம் எதை முதலில் காட்டுவது என்று விளக்கிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார், போல்ட்டில் மாட்டினார். அக்கா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

பொறியாளர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அட்டை அவர் மூக்குக்கு நேரே தொங்கியது. பிறகு மேசைக்குப் போய் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து, 'காரணம்' என்ற இடத்தில் 'வடிவமைப்பு' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.

திங்கட்கிழமை கமிட்டி ஐம்பது வண்டிகளையும் நிறுத்தி வைத்தது. வால்வு பாதி திறந்து நின்றாலும் இடிக்காதபடி பிஸ்டன் தலையில் ஆழமாகப் பள்ளம் வெட்ட வேண்டும். மிச்சமாகும் பெட்ரோலில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். மறுபடி சோதிக்க ஒரு வருடமாவது ஆகும். அதற்குள் இந்தத் திட்டம் இருக்குமோ, மூட்டை கட்டுவார்களோ, யாருக்கும் தெரியாது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "பேசாம கையெழுத்து போட்டிருக்கலாம்க்கா. நாலு வருஷம் பாழாப்போச்சு!"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த அம்பது வண்டியில ஒண்ணு எங்கயாவது படுத்துக்கும். யாரோ ஒரு மெக்கானிக் ஒழுங்கா வேலை பாக்கறவனா இருப்பான், சுத்திப் பாப்பான். வால்வு வளைஞ்சுடும். நான்தான் கெடுத்துட்டேன்னு சாகற வரைக்கும் நெனச்சுட்டிருப்பான். இல்லடான்னு அவன்கிட்ட போய் யார் சொல்றது?"