நாற்பத்தெட்டு நாளில் முடியாத மருந்து

ஆனி மாதச் சாரலில் எனக்கு வேர்த்தது. தென்காசியில் அந்தக் காற்றுக்கு எல்லோரும் காதை மூடிக்கொண்டு நடப்பார்கள். நான் மின்விசிறியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன மதினி, வயித்துக்குள்ள செங்கச்சூளை வச்சிருக்கியளா?" என்று சிரித்தாள்.

பிறகு கை நடுங்கியது. நெஞ்சு படபடத்தது. நன்றாகச் சாப்பிட்டும் சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தேன். ஹைப்பர் தைராய்டு (கழுத்திலுள்ள சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது) என்றார் டாக்டரம்மா. சில மாதம் மாத்திரை. அது போதாமல் திருநெல்வேலிக்கு அனுப்பி ரேடியோ அயோடின் (சுரப்பியை அடக்கும் கதிர் மருந்து) கொடுத்தார்கள். சில நாள் யார் பக்கத்திலும் போகாமல் இருந்தேன். படபடப்பு நின்றது.

நோய் போய்விட்டது என்று நினைத்தேன். இதைப் படிக்கிறவர்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அடுத்த சித்திரையில் பரிசோதித்தபோது சுரப்பி அடங்கியது மட்டுமல்ல, ஓய்ந்தே போயிருந்தது. அதற்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். தைராக்சின் (சுரப்பி செய்யாத வேலையைச் செய்யும் மருந்து), காலையில் ஒன்று. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தாலே எனக்கு வாய் கட்டிவிடும். கேட்க நினைத்ததெல்லாம் பஸ்ஸில் திரும்பும்போதுதான் ஞாபகம் வரும்.

கேட்காததை நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் எந்த மருந்தானாலும் ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள் பத்தியம் இருந்து, கடைசி நாள் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினால் மருந்து முடிந்தது. மீந்ததை வீட்டில் வைக்க மாட்டோம். அப்படியே செய்தேன். மீனும் கத்தரிக்காயும் தொடவில்லை. கடைசி நாள் குற்றாலத்தில் நல்ல தண்ணீர். பேச்சியம்மாளோடு போய், தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து ஐந்தருவியில் நின்றேன். மிச்ச மாத்திரையை வீட்டுத் தென்னை மூட்டில், வேரோரமாகப் புதைத்தேன்.

ஆவணியில் உடம்பு கனத்தது. வெயிலிலும் குளிர்ந்தது. முகம் ஊதி, குரல் தடித்தது. வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஐப்பசியில் ஒரு மத்தியானம் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவள், வீடு முழுக்கப் புகை நிறைந்தும் எழவில்லை. பேச்சியம்மாள்தான் ஓடிவந்து கேஸை அணைத்தாள். கோயம்புத்தூரில் இருக்கும் என் மகன் செல்வத்துக்குப் போன் போட்டவளும் அவள்தான்.

மறுநாளே வந்தான். "வீட்டப் பூட்டிட்டு எங்கூடக் கெளம்பு. இங்கன தனியாக் கெடந்து எரிஞ்சு போறதுக்கா?" என்று பெட்டியில் என் சேலைகளை அவனே எடுத்து வைத்தான். பயத்தில்தான் கத்துகிறான் என்று தெரிந்தது. ஆனாலும் அவன் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் நல்லவள்தான். என் கூச்சம் அப்படி. என் வீட்டில்தான் எனக்குக் கூச்சம் கிடையாது. அதை அவனிடம் சொல்லத் தெரியவில்லை.

கோயம்புத்தூருக்குக் கிளம்புமுன் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். டி.எஸ்.எச். (சுரப்பி ஓய ஓய ஏறும் இரத்த அளவு) மிகவும் ஏறியிருந்தது.

"மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார்.

"முடிச்சுட்டேம்மா. நாப்பத்தெட்டு நாளும் பத்தியமா இருந்து, ஐந்தருவில தலையும் முழுகியாச்சு."

"மிச்ச மாத்திரை?"

"தென்னை மூட்டுல."

செல்வம் தலையில் கைவைத்தான். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தென்னைக்குத் தைராய்டு கிடையாதும்மா. உங்க சுரப்பி இனிமே வேலை செய்யாது. தினமும் போடணும்."

"எது வரைக்கும்?" முதல்முறையாகக் கேட்டேன்.

"நீங்க இருக்கிற வரைக்கும்."

"கேட்டிருக்கலாம்லாம்மா அன்னைக்கே" என்றான் செல்வம்.

கேட்டது கேட்டாயிற்று என்று இன்னொன்றும் கேட்டேன். "மாத்திரை போட்டா, நான் எங்க வீட்டுல தனியா இருக்கலாமாம்மா?"

அவர் செல்வத்தைப் பார்த்தார், பிறகு என்னை. "போட்டா இருக்கலாம். விட்டா முடியாது. மூணு மாசம் பாப்போம்."

வீடு திரும்பியும் செல்வம் பெட்டியைப் பிரிக்கவில்லை. "மூணு மாசம் இது இப்படியே கெடக்கட்டும்" என்று கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போனான். தினமும் காலையில் போன் செய்தான். பேச்சியம்மாள் அவள் வாசலில் நின்றே கத்துவாள்: "மதினி, மாத்திரை உங்களுக்கா, தென்னைக்கா?" தெருவுக்கே கேட்கும். வெட்கத்தில் உடனே போட்டுவிடுவேன்.

தை மாதம் இரத்தப் பரிசோதனை சரியான அளவுக்கு வந்தது. போனில் சொன்னதும், "சரி, சேலையை எடுத்து அடுக்கு" என்றான் செல்வம்.

இரத்தம் சரியானாலும் உடம்பு பழையதாகவில்லை. உதிர்ந்த முடி பாதிதான் முளைத்தது. கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறது. மதியத்துக்கு மேல் கால் சொன்னபடி கேட்பதில்லை. சிலது மெல்லச் சரியாகும், சிலது இப்படியே நிற்கும் என்றார் டாக்டரம்மா. உங்களுக்கும் அப்படி இருந்தால் கேளுங்கள். வாயால் கேட்கக் கூச்சமென்றால் தாளில் எழுதி நீட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

மாத்திரை போட்டு அரை மணி நேரத்துக்குக் காப்பி கூடாது. எழுந்த கையோடு அடுப்பைப் பற்றவைத்தே பழகியவள் நான். முதலில் அந்த அரை மணி நேரத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை. இப்போது மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு காலத்தில் ஓடியது, பிறகு தூங்கி வழிந்தது. இப்போது நடக்கிறது. பால் பாக்கெட் வெளியே கிடக்கும், பாத்திரம் கழுவாமல் கிடக்கும். நேரம் ஆனதும் உடம்பைக் கேட்டுவிட்டுத்தான் எழுகிறேன். சில நாள் இன்னும் கொஞ்சம் இரு என்கிறது. இருக்கிறேன்.