உடைய வேண்டிய டம்ளர்

வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிய அந்தக் கண்ணாடி டம்ளரை, நூலகர் அம்மாவின் கண்ணில் படாமல் மூன்று வாரம் என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். கல்யாண ஏற்பாடு செய்து தருவது என் தொழில். ஆர்.எஸ்.புரத்துக்குப் பட்டும் நகையும் எடுக்க வருகிறவர்கள் அப்படியே என் அலுவலகப் படியும் ஏறுவார்கள். ஆனால் கொச்சியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கோவையில் இருக்கும் யூதக் குடும்பம் ஒன்று ஏறி வந்தது அதுவே முதல் தடவை. பள்ளி நாளிலிருந்து தான் படித்த பழைய நூலகத்தில்தான் கல்யாணம் என்று மணப்பெண் ஒற்றைக்காலில் நின்றாள். நான் பழக்கதோஷத்தில் முகூர்த்தப் பட்டியலைப் பிரித்து ஒரு சனிக்கிழமையைக் காட்டினேன். அது தங்களுக்கு ஓய்வு நாள் என்று பெண்ணின் அப்பா சிரித்தார். ஞாயிறு மாலை என்று முடிவாயிற்று.

நூலகர் அம்மா லேசில் மசிகிறவர் அல்ல. ஆணி அடிக்கக் கூடாது, எண்ணெய் விளக்கு கூடாது, தேக்கு அலமாரிகளைத் தொடவே கூடாது. நான்கு பேர் கழிகளைக் கையில் பிடித்து நிற்கும் துணிப்பந்தலின் கீழ்தான் சடங்கு என்றதும் முகம் மலர்ந்தார். "அப்பப் பந்தக்காலே நட வேண்டியதில்லைங்களா? நல்லாத்தான் இருக்குதுங் அம்மணி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல காரியத்துல ஒண்ணும் ஒடயாமப் பாத்துக்குங்க. எனக்கு அது ஆகாதுங்க" என்றார். சடங்கின் முடிவில் மாப்பிள்ளை கண்ணாடி டம்ளர் ஒன்றை மிதித்து உடைப்பார் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இடம் கிடைக்காது, அந்தப் பெண்ணின் ஆசை பாழாகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று வாசிப்பறை அத்தனை அழகாக இருந்தது. மாப்பிள்ளை நிற்கும் இடத்தில் பொட்டலத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு வரவேற்பைக் கவனிக்கப் போனேன். மாப்பிள்ளை காலை ஓங்கித் துணிப்பொட்டலத்தை மிதித்தார். ணங்கென்று ஒரு சத்தம். பிரித்தால் உள்ளே எவர்சில்வர் டம்ளர், ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"நாந்தானுங்க மாத்தி வெச்சுப்போட்டேன்" என்றார் நூலகர் அம்மா. "காலடியில கண்ணாடி இருக்குதே, ஒடஞ்சா அந்தப் புள்ளைக்கு ஆகாதேன்னு வெச்சேனுங்க."

அவரிடம் சடங்கை மறைத்ததை எல்லார் முன்பும் ஒப்புக்கொண்டேன். எத்தனை சந்தோஷத்திலும், பல நூற்றாண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்ட தங்கள் கோயிலை மறக்காமல் இருக்கத்தான் கண்ணாடியை உடைப்பதாகப் பெண்ணின் அப்பா நிதானமாகச் சொன்னார்.  நூலகர் அம்மா தன் மேஜை இழுப்பறையிலிருந்து அந்தக் கண்ணாடி டம்ளரை எடுத்து, தானே துணியில் சுற்றி, குனிந்து மாப்பிள்ளையின் காலடியில் வைத்தார்.

அது உடைந்ததும், 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேயே கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. மன்னிப்புக் கேட்க அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க" என்றார். "என்ர கல்யாணத்துல பால் டம்ளர் கைதவறி ஒடஞ்சு போச்சுங்க. எங்க மாமியா சாகற வரைக்கும் அதையவே சொல்லிக்காட்டுனாங்க." கைதட்டுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ஒருத்தராச்சும் கை தட்டியிருக்கலாமுங்க."

இப்போதெல்லாம் நான் நடத்தும் கல்யாணங்களில் எது கைதவறி உடைந்தாலும், முதலில் கை தட்டுகிறவள் நான்தான்.