அஷ்டமியில் வாங்காத சீசன் டிக்கெட்

என் கணவர் பொய் சொல்கிறார். பதினைந்து வருடமாகச் சொல்கிறார். காலனிப் பொங்கல் விழாவில் மைக் கைக்கு வந்தால் போதும், "எங்க வீட்டம்மா சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க மறந்துட்டு ரயிலேறி அபராதம் கட்டினவங்க" என்று ஆரம்பித்துவிடுவார். பந்தலே சிரிக்கும். நான் மறக்கவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நாங்கள் சிகந்தராபாத் பக்கம் மௌலா அலியில் குடியிருந்தோம். ஒரு தொழிற்சாலையில் அவருக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஒரு உதிரிப் பாகம் மயிரிழை பிசகியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு நாம்பள்ளியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. தினமும் காலை பாசஞ்சர் வண்டியில் பெண்கள் பெட்டியில் போவேன். தினம் டிக்கெட் எடுப்பதைவிட மாதச் சீசன் எவ்வளவோ மலிவு. காலையில் நான் அடுப்படியில் கிடப்பதால் சீசன் வாங்குவது அவர் பொறுப்பாக இருந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை பிளாஸ்டிக் உறையில் செருகி என் கைப்பையில் வைத்துவிடுவார். நான் எடுத்துப் பார்த்ததே இல்லை. வருடக்கணக்கில் ஒரு தவறும் வராதபோது எதற்குப் பார்க்க வேண்டும்?

அன்று திங்கட்கிழமை. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டேன். "ஏங்க, சீசன் புதுசு வாங்கியாச்சா?"

சவரம் செய்துகொண்டிருந்தார். "ஆச்சு, ஆச்சு. நீ கிளம்பு, வண்டி வந்துடும்."

சிகந்தராபாத் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். வழக்கம்போல எல்லோரும் உறையைத் தூக்கிக் காட்டினோம். மற்ற நாட்களில் தலையாட்டிவிட்டுப் போகிறவர், அன்று என்னுடையதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அம்மா, யே தோ கல் கதம் ஹோ கயா." நேற்றோடு முடிந்துவிட்டதாம்.

"கைக்கு? மேரா ஆத்மி நயா லாயா!" ஏன் முடியும், என் வீட்டுக்காரர்தான் புதிது வாங்கிவிட்டாரே என்று கத்தினேன்.

"லாயா தோ கிதர் ஹை?" வாங்கியிருந்தால் எங்கே என்று கேட்டு உறையை என்னிடமே நீட்டினார். தேதியைப் பார்த்தேன். பழைய டிக்கெட்தான்.

எதிரில் உட்கார்ந்திருந்தவர் சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ் டீச்சர், சர்ச்சுக்குப் போகிறவர். வாயில் கை வைத்துக்கொண்டார். "என்னா சிஸ்டர், நீங்களா வித்தவுட்டு?" ஜன்னலோரம் இருந்த தெலுங்கு நர்ஸ், "மொகுடு மீத கம்ப்ளெயின்ட் இவ்வண்டி!" என்றாள். புருஷன் மேல் புகார் கொடுக்கச் சொல்கிறாள். பெட்டி முழுக்கச் சிரிப்பு. நான் விடாமல் வாதாடினேன். பரிசோதகர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். "பாதாங் நக்கோ அம்மா." பேச்சு வேண்டாமாம். மளிகைக்கு வைத்திருந்த பணத்தை எல்லோர் முன்னிலையிலும் எடுத்துக் கொடுத்தேன். அன்று அலுவலகத்தில் நான் அடித்த அடியில் டைப்ரைட்டர் உடையாமல் இருந்ததே பெரிது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் உறையை அவர் முன்னால் போட்டேன். "ஆச்சுன்னீங்களே, புதுசு எங்க?"

"புதன்கிழமை வாங்கிடலாம்னு இருந்தேன்" என்றார். "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஓவர்டைம். இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமி. ரெண்டு நாள்தானே, லேடீஸ் பெட்டியில எவன் வந்து பாக்கப் போறான்னு நெனச்சேன்."

"மாசா மாசம் தீர்ந்து போற டிக்கெட்டுக்கு நாள் பாப்பீங்களா? அதுக்கென்ன கல்யாணமா பண்றோம்?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போன வருஷம் ஒரு தடவை அஷ்டமியில வாங்கினேன். அந்த மாசந்தான் நீ கைரதாபாத் பிளாட்பாரத்துல விழுந்து கால் பிசகிக் கெடந்த."

"மழைத்தண்ணியில வழுக்கி விழுந்தேன். அஷ்டமியா வந்து தள்ளிவிட்டுச்சு?"

மயிரிழையை அளக்கிற மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு பிழைக்கிற மனிதர், என் காலையும் பஞ்சாங்கத்தையும் முடிச்சுப் போட்டு ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதிதான்.

அடுத்த மாதம் நானே வரிசையில் நின்று சீசன் வாங்கினேன். காலண்டரைப் பார்த்து, வேண்டுமென்றே அஷ்டமியன்று வாங்கினேன். வந்து அவரிடமும் சொன்னேன். மறுநாள் காலை வாசலில் ஸ்கூட்டர் உறுமியது. "ஏறு" என்றார். அந்த மாதம் முழுக்கத் தன் தொழிற்சாலை பஸ்ஸை விட்டுவிட்டு என்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். வண்டி வந்ததும் டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு, "படி, படி, பாத்து" என்று பிளாட்பாரத்திலிருந்து குரல் கொடுப்பார். "சிஸ்டர், உங்க செக்கிங் வந்தாச்சு!" என்று டீச்சர் அவரைக் காட்டிக் கிண்டல் செய்வார். என் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதம் முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை, இன்றுவரை ஸ்கூட்டரில்தான் போகிறேன். நான் நன்றாகத்தான் வாழ்கிறேன், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பொய் பொய்தான். தரப் பரிசோதகர் அஷ்டமி பார்க்கிறார் என்று தெரிந்தால் தொழிற்சாலை நண்பர்கள் ஓட்டுவார்கள் என்று பழியை என் மேல் போட்டுவிட்டார். முதல் தடவை அவர் மைக்கில் சொன்னபோது நான் பந்தலுக்குப் பின்னால் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "சும்மா சிரிக்கத்தானே" என்றார். நானும் போகட்டும் என்று விட்டேன். அது வருடா வருடம் வளர்ந்துவிட்டது.

இப்போது வீட்டுக்கு மருமகள் வந்திருக்கிறாள். நல்ல பெண். போன வாரம் இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறினோம். ஏறியதும் கேட்கிறாள், "அத்தை, டிக்கெட் எடுத்தீங்களா, இல்ல மாமா சொன்ன மாதிரியா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் காசு கொடுக்காமல் ஒரு ஸ்டேஷன்கூடத் தெரிந்தே பயணம் செய்யாத என்னை, அவள் அப்படித்தானே தெரிந்துவைத்திருக்கிறாள்? இதை நான் விட மாட்டேன்.

இந்த வருடமும் மைக் அவர் கைக்குத்தான் வரும். பொங்கலை வேறு யாராவது கிண்டட்டும். நான் முதல் வரிசையில் மருமகள் பக்கத்தில் உட்காரப் போகிறேன். விழா நாளில் அஷ்டமியும் இல்லை, நவமியும் இல்லை, பார்த்துவிட்டேன். ஏங்க, அந்தத் திங்கட்கிழமை காலை "ஆச்சு" என்று சொன்னது யார்? சீசன் வாங்காமல் விட்டது எதற்காக? வீட்டில் வந்து என் காதில் சொல்ல வேண்டாம். பந்தலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அதே மைக்கில் பதில் சொல்லுங்கள்.