ஜனவரியில் ஜெர்மனி போனவர்

தருமபுரி பேருந்து நிலையத்தில் அரூர் வண்டிக்காக நின்றிருந்தேன். பழைய மாணவன் ஒருவன் வந்து, "டிராயிங் சார் தவறிட்டாருங்க. நேத்து அடக்கம். மக, பேத்தியக் கூட்டிக்கிட்டு ஜெர்மனியிலிருந்து வந்து பத்து நாளா கூடவே இருந்துச்சுங்க, இந்தக் கத்திரி வெயில்ல" என்றான். அந்த டிராயிங் சார், நம் சூசை மாஸ்டரோடு வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், ஆசிரியர் அறையில் அவர் விடுப்பு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் நர்ஸாக இருந்த ஒரே மகளுக்கு ஜனவரியில் தலைப்பிரசவம். தாயில்லாத பெண். "அப்பா, நீங்களாவது வாங்க" என்று கடிதம் போட்டிருந்தாள். அவ்வளவுதான், எங்களிடையே இருந்த நிபுணர்கள் விழித்துக்கொண்டார்கள்.

நிபுணர்கள் மூன்று பேர்: கணக்கு வாத்தியார், தமிழ் ஐயா, புவியியல் நடத்திய நான். மூவரும் சேர்ந்து கண்ட அதிகபட்ச அயல்தேசம், மாணவர்களோடு சுற்றுலா போன மைசூர். அதிலும் ஒருவர் வாந்தியெடுத்து வண்டியிலேயே படுத்திருந்தார்.

"ஜனவரியில போனா வெறச்சிப் போயிடுவ சூசை. மே மாசம் போ, ஊரே பூத்துக் கெடக்கும்" என்றார் தமிழ் ஐயா.

"அவ்ளோ தூரம் போயி வூட்டுக்குள்ளயே குந்தியிருக்கவா?" என்றார் கணக்கு.

நான் அட்லஸை விரித்து, வெப்பநிலை அட்டவணையில் விரல் வைத்து, மாதம் மாதமாக விளக்கினேன். முப்பது வருடத்தில் அதைவிட மடத்தனமான பாடம் நான் நடத்தியதில்லை.

அவர் முழுவதும் கேட்டார். "எல்லாஞ் சரிங்க சார். பொறக்கப்போற கொழந்தைக்கு இந்த அட்டவணை தெரியுங்களா?" என்றார்.

ஜனவரியிலேயே போனார். திரும்பியதும், என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று சூழ்ந்துகொண்டோம்.

"பனிங்க. அப்புறம் சமையக்கட்டு. கொழந்தத் துணி காயவே மாட்டேங்குது சார். ஹீட்டர் மேல மாத்தி மாத்திப் போட்டு எடுக்கறதே வேலை."

"துணி காயப்போடவா ஏரோப்ளேன் ஏறிப் போன?" என்றார் கணக்கு. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை; அத்தனை பேரும் பட்டம் வாங்கியவர்கள். பெண் என்பதே அந்த மாணவன் வாயிலிருந்து 'பேத்தி' என்று வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று மாலை அவர் என் அட்லஸைக் கேட்டு வாங்கி, ஜனவரிக்கு நேரே பென்சிலால் எழுதினார்: 'ஈரத்துணி காய இரண்டு நாள்.' "வருசா வருசம் இத நடத்தறீங்க. ஒண்ணாவது பாத்துட்டு வந்து சொன்னதா இருக்கட்டுங்க சார்."

அட்லஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் ஓரங்களில் நான் எழுதிய குறிப்புகள் ஏராளம், ஒன்றும் தேறாது. அவருடைய அந்தப் பென்சில் வரிக்காகத்தான் அதை வைத்திருக்கிறேன்.